பாதுக்கையில் கட்டிய இரண்டு பசுக்கள்

வீட்டுப் பாலுக்கு எந்த இனப் பசு வாங்கலாம், ஜேர்சியா, பிரீசியனா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் குளிர் நாட்டுக் கறவை இனங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் இருப்பது கொழும்பு கொட்டாஞ்சேனையில். பாதுக்கையில் மாமாவின் அரை ஏக்கர் காணி இருக்கிறது. வீட்டுப் பாலுக்கும், மிஞ்சினால் விற்கவும் ஒரு பசு வாங்க நினைத்தோம்.

நான் பார்த்தது லீற்றர் கணக்கை மட்டும்தான். நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு பிரீசியன் பசுவை இறக்கினோம். அங்கே 20 லீற்றர் கறந்த மாடு. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குளிர் எங்கே, பாதுக்கைப் புழுக்கம் எங்கே! சித்திரை மாதம், பகல் பதினொரு மணிக்கே நாக்கைத் தொங்கப் போட்டு இரைக்கும். வாயோரம் எச்சில் நூல் நூலாக ஒழுகும். படுக்கவே படுக்காது. தீனி குறைந்தது, பால் பாதியானது. இரண்டு தடவை சினை ஊசி போட்டும் தங்கவில்லை. கடைசியில் மலைநாட்டில் ஒருவருக்கே நட்டத்துக்குக் கொடுத்தோம். லொறியில் ஏற்றும்போது மாமி அழுதுவிட்டார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஹற்றன் பக்கத் தோட்டத்தில் காலமெல்லாம் மாடு வளர்த்தவர். "தம்பி, எத்தனை லீற்றர்னு அப்புறம் கேளுங்க. தினமும் எவ்வளவு புல் அறுக்க முடியும், அத மொதல்ல சொல்லுங்க" என்றார். பசுவுக்கு ஒரு நாளைக்கு அதன் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் வேண்டும். 550 கிலோ பிரீசியனுக்கு 55 கிலோ, 350 கிலோ கலப்புப் பசுவுக்கு 35 கிலோ. மழையிலும் வெயிலிலும் அறுத்துச் சுமப்பது மாமா ஒருவர்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது அவிசாவளைப் பக்கம் ஜேர்சியும் சாஹிவாலும் கலந்த பசு, இரண்டாவது கன்று ஈன்றது. சாஹிவால் பஞ்சாப் மாடு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஜேர்சி பாலுக்குக் கொழுப்பைக் கொடுக்கும். பெரியவர் வேண்டுமென்றே உச்சி வெயிலில் கூட்டிப் போனார். பசு நிழலில் படுத்து நிதானமாக அசைபோட்டுக் கொண்டிருந்தது. சரி என்று தலையாட்டினார், ஆனால் உடனே காசைக் கொடுக்க விடவில்லை. ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவார்களாம். அதனால் மாலையிலும் மறுநாள் காலையிலும் பக்கத்தில் நின்று கறக்கச் சொன்னோம். நான்கு காம்பிலும் முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விழவிட்டு, பாலில் கட்டி, திரி இருக்கிறதா என்று பார்த்தார்; இருந்தால் மடிநோய். கீழ்த்தாடையை விரித்து எனக்கும் காட்டினார்: நிலைப்பல் எட்டில் ஆறு முளைத்திருந்தது, நாலு வயதுக்குள்தான். மடியில் கட்டி இல்லை. கருச்சிதைவு நோய்க்கு இரத்தம் சோதித்து, அது சரியென்று வந்த பிறகுதான் ஏற்றினோம்.

இப்போது இரண்டு வேளைக்கும் சேர்த்து 9 லீற்றர் தருகிறது. கணக்கில் சின்னதுதான், ஆனால் வைகாசி வெயிலிலும் குறையவில்லை. பால் எடுப்பவர் கொழுப்பைப் பார்த்து விலை போடுவதால் கையில் கிடைப்பதும் மோசமில்லை. போன மாதம் ஊசி போட வந்தவரிடம் சாஹிவால் விந்துதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மறுபடியும் ஜேர்சியே போட்டால் கன்றில் ஜேர்சி இரத்தம் ஏறி, வெயில் தாங்கும் குணம் குறைந்துபோகும். 21 நாளில் திரும்பவும் பருவத்துக்கு வரவில்லை, அதனால் சினை தங்கியிருக்கும் என்று நம்புகிறோம். மாமி இப்போதே கன்றுக்குப் பெயர் தேடுகிறார்.