ஜாக்கெட் குடுத்தா ஸ்பான்சரா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

கோத்தகிரி அண்ணன்
என் தங்கச்சி மலை ஓட்டம் ஓடுறவ. கொடநாடு பக்கம் தேயிலைத் தோட்ட வழியிலதான் பயிற்சி. குளிர் உடை விக்கிற ஒரு கம்பெனி "எங்க அத்லெட்டா இருங்க"ன்னு மெயில் போட்டிருக்கு. ஒரு மழை ஜாக்கெட், ஒரு பஃபர் ஜாக்கெட் (உள்ள பஞ்சு அடைச்சு உப்பலா இருக்குமே, அது) தருவாங்களாம். பதிலுக்கு வருஷம் முழுக்க அவ போடுற படத்துல எல்லாம் அவங்க லோகோ தெரியணும். காசு கிடையாது. இவ எந்நேரமும் வெளிநாட்டு ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் (பனியில சறுக்கிக்கிட்டே தாவிச் சுத்தி வித்தை காட்டுற விளையாட்டு) வீடியோ பார்க்கிறவ. "அங்க எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க"ன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அங்க நிஜமாவே எப்படித்தான் நடக்குது? நேர்ல பார்த்தவங்க, கையெழுத்து போட்டவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

குன்னூர்க்காரன்
தம்பி, நான் கனடாவுல விஸ்லர்ங்கிற பனிச்சறுக்கு ஊர்ல ஸ்கீ (கால்ல மாட்டுற சறுக்குப் பலகை) பழுதுபார்க்கிற கடையில சில குளிர்காலம் வேலை பார்த்தவன். ஸ்கீயோட அடிப்பக்கத்துல மெழுகு தேய்க்கிறது, ஓரத்து இரும்பைக் கூர்மையாக்குறது, இதுதான் வேலை. ஃப்ரீஸ்டைல் பசங்க நிறைய வருவாங்க. கம்பி மேல வழுக்கி வழுக்கி ஸ்கீ ஓரம் பிஞ்சு போயிருக்கும்.

உன் தங்கச்சி சொல்றது பாதி சரி. அங்க ஏணி மாதிரி படிப்படியா போகும். முதல்ல கம்பெனி பொருளைத் தள்ளுபடியில குடுக்கும். அடுத்து இலவசமா. அதுக்கும் மேல போனா பயணச் செலவு, போட்டியில ஜெயிச்சா போனஸ், லோகோ தெரியிற மாதிரி பத்திரிகையில படம் வந்தா தனிப் பணம். மாசச் சம்பளம் எல்லாம் உச்சியில இருக்கிற கொஞ்சப் பேருக்குத்தான். கீழ்ப்படியில நிக்கிறவங்க எண்ணிக்கைதான் அதிகம், அதை வீடியோவுல காட்ட மாட்டாங்க.

இன்னொண்ணு. ஜாக்கெட் கம்பெனிக்கு லோகோ வைக்கக் கிடைக்கிறது ஜாக்கெட், பேன்ட் மட்டும்தான். ஸ்கீ வேற கம்பெனி, பூட் வேற, கண்ணாடி வேற, கையுறை வேற. ஹெல்மெட்டோட நெத்தி இருக்கே, அதுதான் நல்ல விலை போற இடம், ஏன்னா பேட்டி எடுக்கிறப்ப கேமரா மூஞ்சியத்தானே பார்க்குது. பெரும்பாலும் எனர்ஜி டிரிங்க் கம்பெனிங்க அதைப் பிடிச்சுக்கும். நம்ம ஊர்ல சீசனுக்குக் காட்டேஜை ரூம் ரூமா வாடகைக்கு விடுவோமே, அங்க அவங்க உடம்பை அப்படி விட்டிருக்காங்க.

ஒருநாள் ஒரு பையன் வந்தான். பச்சை ஜாக்கெட்டு, புதுசு மாதிரிதான் இருந்துச்சு. நெஞ்சுல, தோள்ல லோகோ இருக்க வேண்டிய இடத்துல எல்லாம் கறுப்பு டேப்பைச் சதுரமா வெட்டி ஒட்டியிருந்தான். கிழிஞ்சு போச்சான்னு கேட்டேன். "காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு, சும்மா எதுக்கு விளம்பரம் பண்ணணும்"னான். வேற ஜாக்கெட் வாங்கக் காசு இல்ல. ஒரே வீட்டுல அஞ்சாறு பேரா சேர்ந்து இருந்தாங்க. போன வருஷ ஜாக்கெட்டை எல்லாம் வித்துத்தான் வாடகை கட்டினோம்னு சொன்னான். விக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்குமாம். எல்லாரும் விக்கிறாங்கன்னு கம்பெனிக்கும் தெரியுமாம்.

ஊட்டி மழை
திபெத்தியன் மார்க்கெட்ல பேரம் பேசினா எந்த லோகோ வேணும்னாலும் கிடைக்கும். நீயே உனக்கு ஸ்பான்சர் 😄

ஊசிநூல், அரவேணு
மேல இருக்கிற தம்பி சிரிச்சாலும் விஷயம் இருக்கு. நான் ஏற்றுமதி கார்மென்ட்ஸ்ல மெர்ச்சன்டைசரா (ஆர்டர் எடுத்துத் தயாரிச்சு அனுப்புறதைப் பார்த்துக்கிறவ) இருந்து ஓய்வு வாங்கினவ. ஐரோப்பாவுக்குப் பனிச்சறுக்கு ஜாக்கெட் பண்ணிக் குடுத்திருக்கோம். கடையில 30,000 ரூபாய்னு தொங்குற ஜாக்கெட்டு, அதுல பாதி கூட ஆகாம தயாராகி வெளிய போறதுதான். ஆகவே "உங்களுக்கு 60,000 ரூபாய் மதிப்புள்ள பொருள் தர்றோம்"னு யாராவது சொன்னா, அது உங்களுக்கான மதிப்பு, அவங்களுக்கான செலவு இல்ல.

ஆனா பொருளை மட்டமாப் பேச மாட்டேன். தையல் ஓட்டை வழியா தண்ணி இறங்காம உள்பக்கம் டேப் வச்சுச் சூடு போட்டு ஒட்டணும். விழுந்தா பனி உள்ள ஏறாம இருக்க இடுப்புல உள்ளுக்குள்ள எலாஸ்டிக் வச்ச ஒரு பாவாடை வரும். அக்குள்ல காத்து போக ஜிப். ஃப்ரீஸ்டைல்காரங்களுக்குன்னா தொளதொளன்னு, நீளமா தைக்கச் சொல்லுவாங்க. சுத்துறப்ப அந்தத் துணி ஆடுறதுதான் அழகுன்னு அவங்க கணக்கு. நேரத்தோட ஓடுற ரேஸ்காரங்களுக்கு அதுவே காத்துல இழுக்கும், அவங்க தோல் மாதிரி ஒட்டின உடை போடுவாங்க.

விளையாடுறவங்க சொல்லி மாத்தின ஜாக்கெட்டும் உண்டு. நார்த் ஃபேஸ் கம்பெனி முப்பது வருஷத்துக்கு முன்னாடியே ஸ்காட் ஷ்மிட்ங்கிற ஸ்கீ வீரரோட சேர்ந்து ஸ்டீப் டெக்னு ஒரு வரிசையே கொண்டு வந்துச்சு. அந்த மாதிரி உங்க தங்கச்சி பேச்சைக் கேட்டு ஒரு பாக்கெட்டாவது இடம் மாத்துவாங்களான்னு கேட்டுப் பாருங்க. கோத்தகிரி மழையில ஓடுற பொண்ணுக்குத் தெரிஞ்சது அவங்க டிசைன் ரூமுக்குத் தெரியாது.

வட்டக்கானல் வாசி
கொடைக்கானல்ல இருந்து. கம்பெனி பேச்சைக் கேக்கலைன்னா விளையாடுறவங்களே கம்பெனி ஆரம்பிச்ச கதையும் இருக்கு. 2002-ல டேனர் ஹால், ஜே.பி. ஆக்லேர் மாதிரி சில ஃப்ரீஸ்டைல்காரங்க சேர்ந்து ஆர்மடான்னு ஆரம்பிச்சாங்க. ஸ்கீயும் பண்ணாங்க, உடையும் பண்ணாங்க. எங்களுக்கு வேணுங்கிறதை நாங்களே பண்ணிக்கிறோம்னு ஒரு வீம்பு. 2017-ல அதை ஆமர் ஸ்போர்ட்ஸ்ங்கிற பெரிய விளையாட்டுப் பொருள் கம்பெனி வாங்கிருச்சு. 2019-ல ஆமரையே சீனாவோட ஆன்டாங்கிற விளையாட்டு உடை கம்பெனி தலைமையில ஒரு கூட்டணி வாங்கிருச்சு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ல சீனாவுக்காக ரெண்டு தங்கம், ஒரு வெள்ளி ஜெயிச்ச ஃப்ரீஸ்டைல் வீராங்கனை ஐலீன் கூ யாரோட விளம்பர முகம்? அதே ஆன்டா. வீம்பு எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடியுதுன்னு பாருங்க.

கல்லட்டி 36
நான் டவுன்ஹில் சைக்கிள் (மலைச்சரிவுல வேகமா இறங்குற போட்டி) ஓட்டுறவன். எனக்கும் ஒரு ஜாக்கெட் கம்பெனி இருந்துச்சு, பேர் வேண்டாம். கல்லட்டி வளைவுல அவங்களுக்காகவே விடியக்காலையில வீடியோ எடுத்துக் குடுத்தோம். அப்புறம் ஒரு பயிற்சியில விழுந்து காலர் போன் உடைஞ்சுது. முதல் வாரம் "சீக்கிரம் குணமாகுங்க"ன்னு மெசேஜ். அடுத்து வந்தது, "குறைந்தபட்சப் பதிவு எண்ணிக்கை எட்டப்படாததால்"னு ஒரு கடிதம். படுத்துக்கிட்டு இருக்கிறவன் என்ன பதிவு போடுவான்? கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பில்லை அப்பாதான் கட்டினார்.

இது நம்ம ஊர்ச் சில்லறைக் கம்பெனி பிரச்சினை மட்டும் இல்லண்ணா. சாரா பர்க்னு கனடா ஃப்ரீஸ்டைல் ஸ்கீ வீராங்கனை. ரெண்டு பக்கமும் வளைஞ்ச பனிச்சுவர்ல ஏறித் தாவுற ஹாஃப்பைப் போட்டியை ஒலிம்பிக்ல சேர்க்கணும்னு போராடினவங்க. 2012 ஜனவரியில அமெரிக்காவுல பார்க் சிட்டியில பயிற்சியில விழுந்து இறந்துட்டாங்க. அது ஸ்பான்சர் சார்புல நடந்த நிகழ்ச்சிங்கிறதால கனடா சங்கத்தோட இன்சூரன்ஸ் பொருந்தல. ஆஸ்பத்திரிச் செலவுக்காக ரசிகர்கள் 3 லட்சம் டாலருக்கு மேல திரட்டிக் குடுத்தாங்க. அவங்க கேட்ட போட்டி 2014 சோச்சியில ஒலிம்பிக்ல வந்துச்சு, அவங்கதான் இல்ல.

ஜாக்கெட் எத்தனைன்னு கேக்காத. அடிபட்டா ஒப்பந்தம் என்ன ஆகும், இன்சூரன்ஸ் யார் கட்டுறது, இதை எழுத்துல கேளு. பதில் வர எத்தனை நாள் ஆகுதுங்கிறதுலயே ஆள் யாருன்னு தெரிஞ்சிரும்.

லவ்டேல் பி.டி. சார்
ரெண்டு வரி சேர்க்கிறேன். காஷ்மீர்ல குல்மார்க் பக்கத்து ஸ்கீ வீரர் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ல இந்தியா சார்பா போன ஒரே ஆள். அவருக்கே அதுக்கு முந்தி பணம் போதாம 2018 வாய்ப்பு கைநழுவிப் போச்சு. பனிப்பாதையில படுத்துக்கிட்டே சறுக்குற லூஜ் வீரர் ஷிவ கேசவன் ஆறு குளிர்கால ஒலிம்பிக்ல கலந்துகிட்டவர், அவரும் பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டினவர்தான். உள்ளூர் ஆட்களைக் கம்பெனி தேடி வர்றதே பெரிசு, அதனால ஒரேயடியா விரட்டிடாதீங்க. பேசி வாங்குங்க. போட்டி நுழைவுக் கட்டணமும் பஸ் சார்ஜும் கேட்டா அவங்களுக்கு ஒண்ணும் கரைஞ்சிராது.

கோத்தகிரி அண்ணன்
எல்லாருக்கும் நன்றி. @கல்லட்டி 36, உங்க கேள்வியை அப்படியே மெயில்ல அனுப்பிட்டேன். இன்னொரு வரி இடிக்குது: "படங்களை எக்காலத்துக்கும், எல்லா ஊடகத்திலும் பயன்படுத்தும் உரிமை கம்பெனிக்கு." இது சாதாரணமா?

ஊசிநூல், அரவேணு
சாதாரணமா எழுதுவாங்க, சாதாரணமா விட்டுடக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிஞ்சதும் புது விளம்பரத்துல பயன்படுத்தக் கூடாதுன்னு மாத்தச் சொல்லுங்க. நாளைக்கு வேற கம்பெனி வந்தா, இந்தப் படம் இன்னும் ஓடிக்கிட்டு இருந்தா அவங்க வருவாங்களா? அப்புறம், ஜாக்கெட் மட்டும்தான் அவங்களுக்கு, ஷூவும் வாட்சும் வெளியேன்னு தெளிவா எழுதுங்க.

பெட்ஃபோர்ட் ஆடிட்டர்
யாரும் தொடாத விஷயம், நான் தொட்டுத்தானே ஆகணும். 2022 ஜூலையில இருந்து வியாபாரம், தொழில் சார்ந்து பொருளாக் குடுக்கிற சலுகைக்கும் வரிப்பிடித்தம் இருக்கு. ஒரு நிதியாண்டுல 20,000 ரூபாய்க்கு மேல போனா 10 சதவீதம். விளம்பரத்துக்குக் குடுத்த பொருளை வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தா அது சலுகை இல்ல. வச்சுக்கிட்டா சலுகைன்னு வருமான வரித்துறை விளக்கமே குடுத்திருக்கு. ரெண்டு ஜாக்கெட்டுக்கும் கடை விலை போட்டா இந்த வரம்பைத் தாண்டிரும் போல இருக்கு. அந்த 10 சதவீதத்தை யார் கட்டுறதுன்னு ஒப்பந்தத்துல இருக்கான்னு பாருங்க. அவங்களே கட்டறதா எழுதி வாங்கிட்டா நல்லது.

பதிவுல "விளம்பரம்"னு போடணும், அதையும் தங்கச்சிகிட்ட சொல்லிருங்க. 2021-ல இருந்தே விளம்பரத் தர அமைப்போட விதி அது. இலவசப் பொருளுக்கும் சேர்த்துத்தான்.

கோத்தகிரி அண்ணன்
சார், ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு ஓடி, சேறாக்கி, கிழிச்சு, அப்புறம் திருப்பிக் குடுத்தா?

பெட்ஃபோர்ட் ஆடிட்டர்
வரி இல்ல. அவங்க வாங்குவாங்களாங்கிறது வேற கேள்வி.