ஒராண்டா தங்கமீனின் வயிற்று வீக்கம்: அடுத்து என்ன செய்வது?

என் ஒராண்டா தங்கமீனின் வயிறு சென்ற வாரத்திலிருந்து இருபுறமும் சமமாக உப்பியிருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது வயிற்றோரச் செதில்கள் சில இலேசாக நிமிர்ந்திருப்பது தெரிகிறது. ஆனால் ட்ராப்சி (உடலில் நீர் கோத்து வீங்கும் நிலை) முற்றிய மீனில் காண்பதுபோல் உடல் முழுவதும் செதில்கள் விரியவில்லை, கண்களும் பிதுங்கவில்லை. கழிவு வெள்ளையாக, நூல்போல் வருகிறது. முட்டைகளால் வரும் பருமனில் செதில்கள் நிமிர்வதில்லை என்பதால் அந்தச் சாத்தியத்தை ஒதுக்கிவிட்டேன். உணவைக் கண்டதும் இன்னும் நீந்தி வருகிறது என்பதே என் நம்பிக்கை.

தொட்டி 150 லிட்டர். நீரின் வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸ். மீன் கழிவால் நீரில் சேரும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0, நைட்ரேட் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு). உடன் வாழும் மற்றொரு தங்கமீன் நலமாக இருக்கிறது.

முதலில் மலச்சிக்கல் என்று கருதி, சில நாட்கள் உணவை நிறுத்திவிட்டு, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியை மட்டும் கொடுத்தேன், மாற்றம் இல்லை. அதன்பின் தனித் தொட்டிக்கு மாற்றி, 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்ற அளவில் வீக்கத்தைக் குறைக்க எப்சம் உப்பைக் (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து வைத்திருக்கிறேன். வீக்கம் கூடவில்லை, குறையவும் இல்லை.

செதில்கள் நிமிரத் தொடங்கியுள்ள இந்த நிலையில் எப்சம் உப்பை மட்டும் தொடர்ந்து பார்ப்பதா, அல்லது உட்புறப் பாக்டீரியா தொற்று என்று கொண்டு ஆன்டிபயாடிக் கலந்த உணவை இப்போதே தொடங்குவதா?