டர்போ டீசல் காரின் காற்றுக் குழாயில் ஆயில்: டர்போவை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். 1.3 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் கொண்ட என் கார் 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ஓஸின் இணைப்பில் ஆயில் கசிந்து தூசியோடு படிந்திருந்தது. ஓஸைக் கழற்றிய மெக்கானிக், உட்புறமும் ஆயிலாக இருப்பதைப் பார்த்து, டர்போவை மாற்றிவிடலாம் என்கிறார். வண்டியின் இழுவை குறையவில்லை. நீலப் புகையும் வரவில்லை. பெரிய செலவு என்பதால், அதற்கு முன் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1

இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து டர்போவைக் குறை சொல்ல முடியாது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கும் வாயு, அங்குள்ள ஆயில் துளிகளையும் சுமந்துகொண்டு, பிரீதர் குழாய் வழியாக டர்போவுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் வந்து கலக்கும்படிதான் இத்தகைய எஞ்சின்கள் அமைக்கப்பட்டுள்ளன. எனவே ஓஸின் உட்புறத்தில் மெல்லிய படலம் இருப்பது இயல்பே. இன்டர்கூலரின் அடியில் ஆயில் தேங்கி நிற்பதுதான் கவலைக்குரியது.

முதலில் டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயைப் பாருங்கள். அங்கேயே, பிரீதர் வந்து சேரும் இடத்திலிருந்து ஆயில் தென்பட்டால், அது எஞ்சினிலிருந்து வருகிறது என்று பொருள். அங்கே உலர்ந்திருந்து டர்போவுக்குப் பின்னால் மட்டும் நனைந்திருந்தால்தான் டர்போவில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும்கூட, டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் குழாய் கார்பன் படிந்து அடைபட்டிருக்கலாம், அல்லது அழுக்கேறிய ஏர் ஃபில்டரால் உறிஞ்சும் விசை கூடி நல்ல சீலின் வழியாகவும் ஆயில் இழுக்கப்படலாம். டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள்: பக்கவாட்டில் சிறிது அசைவு இருக்கலாம், முன்னும் பின்னும் அசைவு தெரியக்கூடாது, இறக்கைகள் கூட்டில் உரசிய தடமும் இருக்கக்கூடாது.

பதில் 2

காரணம் எதுவானாலும், இன்டர்கூலரில் தேங்கியதை முதலில் வடித்துவிடுங்கள். அந்த ஆயில் மொத்தமாக எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டால், அதையே எரிபொருளாக்கிக்கொண்டு எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டியில் பிரேக்கை முழுமையாக அழுத்தியபடி உயர்ந்த கியரில் கிளட்சை விட்டு அணைக்க முயலலாம். இல்லையெனில் காற்று உள்ளே போகும் வழியைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் ஒருபோதும் அடைக்கக்கூடாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயிலும் ஆயில் இருக்கிறது. தண்டில் அசைவு சரியாகவே உள்ளது. அளவுக் குச்சியில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. எஞ்சின் ஓடும்போதே காற்றுக் குழாயில் கிளீனர் ஸ்பிரே அடித்தால் போதுமா?

பதில் 1

வேண்டவே வேண்டாம், அந்தத் திரவமும் எரியக்கூடியது, மேலே சொன்ன விபரீதத்தை அதுவே உண்டாக்கும். இன்டர்கூலரைக் கழற்றி, மண்ணெண்ணெயால் அலசி, கம்ப்ரஸர் காற்றால் ஈரமே இல்லாதவாறு உலர்த்திய பிறகுதான் பூட்ட வேண்டும். ஆயில் மட்டம் ஏன் கூடியது என்பதையும் பாருங்கள்: சர்வீஸில் அதிகம் ஊற்றியிருக்கலாம், டீசல் கலந்திருக்கவும் கூடும். டீசல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிட்டு, அது எப்படிக் கலந்தது என்று கண்டறிய வேண்டும். பிரீதரையும் ஆயில் பிரிப்பானையும் சுத்தம் செய்து, ஊறி இளகிய ஓஸை மாற்றி, 1,000 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் கழற்றிப் பாருங்கள். அப்போதும் ஆயில் தேங்கியிருந்தால் அடுத்துச் சோதிக்க வேண்டியது பிஸ்டன் ரிங்குகளின் தேய்மானத்தை.