ஜஸ்டின் வெர்னன்: கூட்டுப் பாடல்கள் அவரை வளர்த்தனவா, கரைத்தனவா?

கார்முகில்:
போன் ஐவர் என்ற பெயரில் அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் வெளியிட்ட முதல் ஆல்பம் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. இருந்த குழு பிரிந்து, உடம்பும் கெட்டு, விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் ஒரு பனிக்காலம் தங்கிப் பதிவு செய்தது. 2007இல் தானே வெளியிட்டார். மறு ஆண்டு ஜாக்ஜகுவார் என்ற சுயேச்சை இசை நிறுவனம் எடுத்துக்கொண்டது. 'ஸ்கின்னி லவ்' பாட்டுக்கு ஒரு ஆளும் கிட்டாரும் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் ராப் பாடகர் கான்யே வெஸ்ட், ஜேம்ஸ் பிளேக், டெய்லர் ஸ்விஃப்ட் என்று மற்றவர் பாட்டுக்குக் குரல் கொடுத்தே தன் எழுத்தைத் தேய்த்துவிட்டார் என்பது என் கட்சி.

தறியோசை:
மறுக்கிறேன். நீங்கள் கொண்டாடும் அதே ஆல்பத்தில், 'ஃபார் எம்மா' பாட்டின் டிரம்பெட்டும் டிராம்போனும் வேறு ஆட்கள் வாசித்தவை.

'வுட்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் வந்த 'பிளட் பேங்க்' தொகுப்பின் கடைசிப் பாட்டு. வாத்தியமே கிடையாது. ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் போட்ட தன் குரலையே அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டு போவார். அதைக் கேட்டுத்தான் கான்யே அவரை ஹவாய்க்கு வரவழைத்தார். 2010இல் வந்த கான்யேயின் 'லாஸ்ட் இன் த வேர்ல்ட்' அந்த வரிகளோடுதான் தொடங்குகிறது. 2016இல் '22, எ மில்லியன்' ஆல்பம் வந்தபோது, பாடப் பாடவே ஒரு குரலைப் பல சுரங்களாக விரிக்கும் 'மெஸினா' என்ற அமைப்பு அவர் கையில் இருந்தது. ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெஸினாவோடு சேர்ந்து உருவாக்கியது. 'வுட்ஸ்' பாட்டில் அடுக்கி அடுக்கிச் செய்ததை மேடையில் அந்த நொடியிலேயே செய்ய முடிந்தது. கூட்டு இல்லாமல் இது நடந்திருக்குமா?

கார்முகில்:
கருவி வளர்ந்தது, சரி. பாட்டு? அந்த ஆல்பத்தில் தலைப்புகளே எண்ணும் குறியீடுமாக இருக்கின்றன. நெஞ்சில் இருப்பதை நேராகச் சொன்ன மனிதரை அதில் தேட வேண்டியிருக்கிறது.

நெய்தல்:
அவர் இசை யார் கையில் இருக்கிறது என்ற உரிமைப் பக்கத்தை இருவரும் தொடவில்லையே. 2012இல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி கிடைத்தது. அப்புறமும் 2025இல் வந்த 'சேபிள், ஃபேபிள்' ஆல்பம் வரை அதே ஜாக்ஜகுவார்தான். விஸ்கான்சினின் ஃபால் கிரீக்கில் ஏப்ரல் பேஸ் என்று சொந்த ஸ்டுடியோ. கூப்பிடுகிறவர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும் அவருடைய ஆல்பத்தில் கை வைக்க முடியவில்லை.

தறியோசை:
எழுத்து தேய்ந்தது என்கிறீர்களே கார்முகில், 2020இல் ஸ்விஃப்டும் இவரும் சேர்ந்து பாடிய 'எக்ஸைல்' கேளுங்கள். ஸ்விஃப்டோடு எழுதியவர்களில் இவரும் ஒருவர். பிரிந்த இருவர், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமலே பேசிக்கொள்கிறார்கள். அந்தத் துயரத்தை ஒற்றைக் குரலில் பாடவே முடியாது. முதல் ஆல்பம் முழுக்க உச்சத்தில் பொய்க்குரலில் பாடியவர், இங்கே அடித்தொண்டையில் ஆரம்பிக்கிறார். எனக்கு அவர் பாடியதிலேயே மிக நேரான பாட்டு இதுதான்.

கார்முகில்:
நல்ல பாட்டுதான். ஆனால் 2024இல் வந்த 'ஸ்பேசைட்' அதைவிட ஆழம். கிட்டாரும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும், அவர் குரலும், அவ்வளவுதான். பழைய எளிமைக்கு அவரே திரும்பியிருக்கிறார்.

தறியோசை:
அந்த வயோலா ராப் மூஸ் வாசித்தது. வெர்னனோடு பல வருடமாகச் சேர்ந்து வாசிப்பவர்.