அப்பத்தாவின் எனாமல் தூக்கு ஓவியத்தில் ஏன் புதிதாகத் தெரிகிறது?

கேள்வி:
காரைக்குடியில் உள்ள எங்கள் வீட்டில், அப்பத்தா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த நீல எனாமல் தூக்கையும் பனையோலைக் கூடையான கொட்டானையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்து, எண்ணெய் வண்ணத்தில் வரைந்து வருகிறேன். முற்றத்து வெயிலில், எனாமல் பெயர்ந்த விளிம்பில் இரும்பு கருத்துத் தெரிந்த அந்தக் கணமே என்னை வரையத் தூண்டியது. ஆனால் ஓவியத்தில் தூக்கு கடையில் அன்றே வாங்கியது போல் இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி 1:
வெள்ளையைக் குறையுங்கள். ஒளிப்புள்ளி ஒன்று போதும். மற்ற இடங்களில் தரையின் சிவப்பும் கொட்டானின் மஞ்சளும் நீலத்தின் மீது மங்கலாகப் படிய வேண்டும். பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் (1699–1779) வரைந்து, இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் செம்புத் தண்ணீர்க்கலனைப் பாருங்கள். புழங்கிய பாத்திரத்துக்கு அவர் தந்த மரியாதை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மறுமொழி 2:
அடிப்பூச்சில், வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைன் கலந்து மெலிதாகப் பூசி, மேற்பூச்சுகளில் மட்டும் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுங்கள். முறை மாறினால், அடியில் உள்ள பூச்சு காய்வதற்குள் மேற்பூச்சு இறுகி வெடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விளிம்பின் கருமையில் சிறிது செங்காவி கலந்தேன். துரு தெரிகிறது, அப்பத்தாவின் கைப்பிடியும் தெரிகிறது.