ரையின் காரமா, ஹாப்ஸின் கசப்பா? ருசி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பீரை நிதானமாக ருசித்துப் பழகியவர்களிடம் ஒரு உதவி.

அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் பப் ஒன்றில் நேற்று ஏல் வகையைச் சேர்ந்த மென்மையான பீர் குடித்தேன். பார்லி மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) கோதுமை, ஓட்ஸ், ரை என்ற தானியம் மூன்றும் சேர்த்தது. ஆல்கஹால் 4 சதவீதத்துக்கும் கீழே. நுரை கிளாஸ் ஓரத்தில் வளையம் வளையமாகக் கடைசி மடக்கு வரை நின்றது. கோதுமைப் புரதத்தின் வேலை அது. நாக்கில் பட்டுப்போல் வழுக்கியது ஓட்ஸ். அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து தரும் வழவழப்பு. பிஸ்கட் வாசனை பார்லி மால்ட்டுடையது. அவ்வளவு அழகாக இருந்தது!

ரைதான் பிடிபடவே இல்லை. மிளகு மாதிரி லேசான காரம் வரும் என்பார்கள். விழுங்கியபின் அடிநாக்கில் ஏதோ சுருக்கென்றது. ஆனால் அது ரையா, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பா என்று பிரிக்கத் தெரியவில்லை. கிளாஸ் ரொம்பவே ஜில்லென்று வந்தது. இந்த மாதிரி ஏலுக்கு 10 முதல் 13 டிகிரிதான் சரி; கையில் வைத்திருந்து குளிர் குறைந்த பிறகே மணம் எழுந்தது.

நீங்கள் இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? முதலில் ரை ரொட்டியை மென்று அந்த ருசியைப் பழகிக்கொண்டால் உதவுமா? சனிக்கிழமை மறுபடி போகிறேன், அதற்குள் சொன்னால் நன்றாக இருக்கும்.