இமையில் கட்டி: கண்கட்டியா, சலேசியனா?

கேள்வி
இமையில் வரும் கட்டி சிலருக்கு நாலு நாளில் உடைந்து போகிறது. சிலருக்கு வாரக்கணக்கில் வலியே இல்லாமல் நிற்கிறது. இரண்டும் ஒன்றா? ஒத்தடம் எப்படிக் கொடுப்பது?

மறுமொழி 1
ஒன்றல்ல. கண்கட்டி என்பது இமைமுடி வேரில் பாக்டீரியா தொற்றி சீழ் கோப்பது. சிவக்கும், தொட்டால் வலிக்கும். சலேசியன் வேறு. மேல் இமைக்குள் 30 முதல் 40 வரை மெய்போமியன் சுரப்பிகள் உண்டு. கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது. சுரப்பியின் வாய் அடைத்தால் எண்ணெய் சுற்றுத்திசுவில் கசிந்து உருண்டையாக இறுகும். அதுதான் சலேசியன். தொற்று இல்லாததால் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தால் அது கரையாது.

மறுமொழி 2
ஒத்தடத்தில் பலரும் தவறுவது சூட்டில்தான். நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், எண்ணெய் இளகாது. மணிக்கட்டில் சூடு பார்த்து, கண்ணை மூடி, துணியை மாற்றி மாற்றி 10 நிமிடம் வையுங்கள். தினம் 3, 4 முறை. உடனே விரலால் இமைமுடியை நோக்கி மெதுவாக நீவுங்கள்: மேல் இமையில் கீழ்நோக்கி, கீழ் இமையில் மேல்நோக்கி. பிதுக்கவே கூடாது!

மறுமொழி 3
சலேசியன் ஒன்றிரண்டு மாதத்தில் கரையாவிட்டால் இமையின் உட்புறம் கீறிச் சுரண்டி எடுப்பார்கள். வயதானவர்களுக்கு அதே இடத்தில் திரும்ப வந்தாலோ, அங்கே முடி உதிர்ந்தாலோ திசுப் பரிசோதனை அவசியம். சுரப்பிப் புற்றுநோய் இதே வேடத்தில் வரும். காய்ச்சல், விழி அசைத்தால் வலி, இரட்டைப் பார்வை என்றால் அன்றைக்கே மருத்துவமனை.